பூசைக்குப் பறித்த பூ

குன்றத்தூர்க் குமரன் தாளிணை போற்றி. வைகாசி விசாக நன்னாளில் இதனை எழுதுகிறேன்.

தொண்ணூறுகளின் இறுதியில், ஒரகடத்துத் தொழிற்சாலை ஒன்றுக்குப் புல்வெளியும் பூச்செடிகளும் அமைக்கும் தொழிலைத் தொடங்கினேன். நானே மண்வெட்டி பிடித்தேன். பூவை எவரையும் பறிக்க விடமாட்டேன் என்பது தொழிற்சாலைக்கு நான் தந்த வாக்கு. ஆயினும் நாள்தோறும் அங்கிருந்தே என் பூசைக்கு ஒரு கூடை நந்தியாவட்டைப் பூ பறித்துச் செல்வேன். அது எனக்குக் குற்றமாகத் தோன்றியதில்லை.

ஒரு காலை, களையெடுக்கும் முனியம்மாளின் தலையில் இரண்டு பூக்களைக் கண்டேன். அவள் கூலியில்தான் அவள் வீட்டில் அடுப்பெரிந்தது. அறிந்தும், "நாளை முதல் வராதே" என்றேன்.

அவள் என் கூடையைப் பார்த்தாள். "இன்னா மொதலாளி, கூடை நெறைய நீ பறிச்சிக்கினு போனா பூசை, ரெண்டு பூ நான் வெச்சிக்கினா திருட்டா? ஒன் சாமி வந்து கேட்டுச்சா?"

உடனிருந்த பெண்கள் சிரித்துவிட்டனர். கூடையை அங்கேயே வைத்துவிட்டு, "வேலையைப் பாரம்மா" என்றேன். அன்று முருகனுக்கு நீர் மட்டுமே படைத்தேன்.

சில ஆண்டுகளில் முழங்கால் தளர்ந்து தொழிலை விட்டபோது, அதை முனியம்மாளிடமே ஒப்படைத்தேன். வேலை செய்யும் பெண்கள் ஆளுக்கு இரண்டு பூ பறித்துக்கொள்ள, தொழிற்சாலையிடம் அவள் முதலில் அனுமதி கேட்டாள். உடனே கொடுத்தார்கள். அத்தனை ஆண்டுகளில் ஒருநாளும் நான் கேட்டதில்லை.

படிப்போர் அனைவரும் நலம் பெற்று நீடு வாழ்க.