ஹெட்டிக்குப் படங்கள் திரும்பிய திங்கட்கிழமை

சிரிப்பு நடிகன் டெஸ் கார்மடியின் வாழ்க்கையைச் சொல்லும் அந்தப் பாட்டுப் படத்தைப் பார்த்துவிட்டு மூக்கைச் சிந்தாமல் வெளியே வந்தவர்கள் இந்த லாஸ் ஏஞ்சலஸில் குறைவு. புருஷனின் புகழுக்குக் குறுக்கே நிற்கக் கூடாதென்று பெண்டாட்டி தானாகவே மேடையை விட்டு இறங்கிப் போவாளே, அந்த இடத்தில் எனக்கு முன்வரிசையில் இருந்த கடற்படைக்காரன்கூடத் தேம்பினான். நானும் அழுதேன், ஆனால் அது வேறு அழுகை. அந்தப் பெண்டாட்டி தானாக இறங்கவில்லை. இறக்கிவிட்டார்கள். இறக்கிவிட்ட கைகளில் ஒன்று என்னுடையது.

அவள் பெயர் ஹெட்டி பிரான்ட். படத்தில் அந்தப் பெயர் வராது. அவளைப் பற்றிச் சொல்ல எனக்கு எந்த யோக்கியதையும் இல்லை. ஆனால் நான் சொல்லாவிட்டால் சொல்ல வேறு ஆளும் இல்லை.

1917-ல் எனக்கு இருபது வயது. ஸ்க்ராண்டன் என்ற நிலக்கரிச் சுரங்க ஊரில் ஒரு வாடெவில் கொட்டகையின் மேனேஜர் லுட்விக்குக்கு டைப் அடித்துக் கொடுக்கும் வேலை. வாரத்துக்கு எட்டு நிகழ்ச்சிகள் வரும். நாய் வித்தை, சைக்கிள் வித்தை, பாட்டு, கூத்து என்று எல்லாம் கலந்து இருக்கும். திங்கட்கிழமை மதியம் முதல் காட்சி. அதைக் கடைசி வரிசையில் உட்கார்ந்து லுட்விக் பார்ப்பார். பார்த்துவிட்டு, தலைமை ஆபீசுக்கு அனுப்ப ஒவ்வொரு நிகழ்ச்சியைப் பற்றியும் நாலு வரி சொல்வார், நான் அடிப்பேன்.

பிடிக்காத ஆட்களைக் கூப்பிட்டுப் 'போய் வாருங்கள்' என்று சொல்லும் வழக்கம் எங்கள் தொழிலில் கிடையாது. வாசலில் மாட்டியிருக்கும் அவர்களுடைய படங்களைக் கழற்றி, பழுப்புக் கவரில் போட்டு ஒட்டி, ஒப்பனை அறைக்கு அனுப்பிவிடுவோம். கவர் வந்தால் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். ஏன் என்று போய் நிற்பது கௌரவக் குறைச்சல். சிங்கத்தோடு சண்டை போடுகிறவன்கூட அந்தக் கவரைப் பார்த்தால் வாய் திறக்காமல் கிளம்பிவிடுவான்.

அந்த வாரம் நாலாவதாக வந்தவர்கள் டெஸ்ஸும் ஹெட்டியும், புருஷன் பெண்டாட்டி ஜோடி. அவன் முட்டி போட்டுக் காதல் பாட்டுப் பாடுவான். அவன் முத்தமிட அவள் கையை நீட்ட வேண்டும், அதற்காகக் கையுறையைக் கழற்ற ஆரம்பிப்பாள். கழற்றுவாள், கழற்றுவாள், அது முடியவே முடியாது. முழங்கை தாண்டி, தோள் தாண்டி, மேடையில் மூன்று சுற்றுச் சுற்றும் அளவுக்கு வரும். அவள் அந்தத் துணியைப் பார்க்கவே மாட்டாள். எங்களைப் பார்த்து, வீட்டுக்கு வந்த விருந்தாளிக்குக் காபித்தூள் தீர்ந்துவிட்டதைச் சொல்ல வந்தவள் மாதிரி ஒரு சங்கட முகம் வைத்திருப்பாள், அவ்வளவுதான். சுரங்கத்தில் வேலை பார்க்கும் தடியன்கள் நாற்காலியிலிருந்து வழுக்கி விழுந்து சிரித்தார்கள். சிரிப்பு பாதி இறங்கும் வரை அவள் காத்திருப்பாள். முழுக்க இறங்கவும் விட மாட்டாள். சரியாகப் பாதியில் அடுத்த வாக்கியத்தைப் போடுவாள்.

லுட்விக் அன்று சொன்ன நாலு வரியை அடித்து முடித்தேன். அவர் ஐந்து மணி ரயிலில் பிலடெல்பியா போய்விட்டார். வியாழன்தான் வருவார். அவர் தலை மறைந்ததும் டெஸ் உள்ளே வந்து கதவைச் சாத்தினான்.

நியூயார்க்கில் ஒரு பெரிய ஏஜென்ட் அவனை மட்டும் கேட்கிறாராம், ஜோடி வேண்டாமாம். இதைப் பெண்டாட்டியிடம் எந்த வாயால் சொல்வது என்று தவித்தான். கழுவுகிற மீனில் நழுவுகிற மீன் அவன். ஆனால் அழகாக நழுவுவான்.

"மியூரியல், தங்கம், அவ படத்தை மட்டும் கழட்டி ஒரு கவர்ல போட்டு அனுப்பிடேன். அவளே புரிஞ்சுக்குவா. யாரும் யாரையும் ஒண்ணும் சொன்ன மாதிரியும் இருக்காது."

நான் அவனைக் காதலித்தேனா என்றால் இல்லை. அதைவிடக் கேவலம். அதுவரை அந்தக் கொட்டகையில் என்னை எல்லாரும் "ஏய் பொண்ணு" என்றுதான் கூப்பிட்டார்கள். இவன் என் பெயரைக் கேட்டுத் தெரிந்துகொண்டு வந்திருந்தான். அதற்கே நான் விழுந்துவிட்டேன். ஒரு பெண்ணின் பிழைப்பை அவ்வளவு மலிவாக விற்றேன்.

வாசலில் ஹெட்டி தனியாக நிற்கும் படங்கள் இரண்டு இருந்தன. கழற்றினேன். கவரில் போடும்போது மனசு குறுகுறுத்தது. உடனே ஒரு சாமர்த்தியம் செய்தேன். லுட்விக்கின் அறிக்கைக்கு ஒரு கார்பன் நகல் எடுத்து வைத்திருந்தேன். அதை மடித்துப் படங்களுக்கு நடுவே செருகி ஒட்டினேன். அவளே படித்து உண்மையைத் தெரிந்துகொள்ளட்டும், பாவம் என் தலையில் இல்லை. பாம்பும் சாகக் கூடாது, தடியும் உடையக் கூடாது என்று நினைத்தேன்.

கவரை நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். ஒப்பனையைப் பாதி துடைத்திருந்தாள். ஒரு கன்னம் சிவப்பு, ஒரு கன்னம் வெளுப்பு. கையில் வாங்கி விளிம்பைத் தடவிப் பார்த்தாள்.

"அவருதும் வந்துச்சா?"

"இல்லைங்க மேடம். உங்களுது மட்டும்தான்."

கவரை மேசைமேல் வைத்தாள். பிறகு, மற்றவர்கள் கேட்கவே கேட்காத அதைக் கேட்டாள். "நான் எங்க தப்பு பண்ணேன்னு சொன்னாராம்மா?"

எனக்குத் தெரியாது என்றேன். அந்த நாலு வரி எனக்கு மனப்பாடம். தெரியாது என்றேன்.

மறுநாள் காலை அவள் தன் தங்கை வீட்டுக்கு ரயிலேறினாள். பெண்டாட்டிக்கு உடம்பு சரியில்லை என்று டெஸ் எல்லாரிடமும் சொல்லி வைத்தான். வியாழன் திரும்பி வந்த லுட்விக், கையுறைக்காரி எங்கே என்று மேசையை ஓங்கித் தட்டினார். நான் தலையைக் குனிந்து டைப் அடித்துக்கொண்டிருந்தேன்.

அதற்குப் பிறகு டெஸ் புகழில் எங்கேயோ போய்விட்டான். தனி ஆளாக, பெரிய பெரிய கொட்டகைகளில் ஆடினான். எதை வைத்து? அவளுடைய கையுறையை வைத்துத்தான். தானே சீமாட்டி வேஷம் கட்டிக்கொண்டு, அதையே கழற்றினான். நாடு முழுவதும் அது கார்மடியின் கையுறை ஆகிவிட்டது. தங்கை வீட்டிலிருந்து அவனிடமே திரும்பிப் போய், இரண்டு வருஷம் ஹெட்டி அவன் சட்டைகளுக்கு இஸ்திரி போட்டாள். பிறகு சிகாகோவில் ஒரு நடனக்காரியைப் பார்த்து, இவளை விட்டுவிட்டு அவளைக் கட்டிக்கொண்டான். நான் பத்திரிகையில் படித்தேன். 'அவள்தான் உண்மையைப் படித்தாளே, தெரிந்துதானே விட்டுக்கொடுத்தாள், நடுவில் நான் யார்' என்று நினைத்துத் தூங்கினேன். இருபத்தேழு வருஷம் அப்படித்தான் தூங்கினேன்.

சினிமா பேச ஆரம்பித்ததும் வாடெவில் கொட்டகைகளுக்கெல்லாம் பூட்டு விழுந்தது. நான் மேற்கே வந்து ஒரு ஸ்டுடியோவின் வக்கீல் ஆபீசில் சேர்ந்தேன். போன வருஷம் டெஸ்ஸின் கதையைப் படமாக்க எடுத்தார்கள். இரண்டு பெண்டாட்டிகளையும் கலக்கி ஒருத்தியாக்கிவிட்டார்கள். முதல் பெண்டாட்டி உயிரோடு இருக்கிறாள், கையெழுத்து வாங்காமல் படத்தை வெளியே விடக் கூடாது என்றார் வக்கீல். எனக்கு அவளைத் தெரியும், நான் போகிறேன் என்று முந்திக்கொண்டேன். வேறு யாராவது போய் அவள் பழைய கதையைச் சொல்லிவிட்டால்? மடியில் கனம் இருந்தது, அதான் அந்த அவசரம்.

பர்பாங்கில், விமானத் தொழிற்சாலைக்குப் பின்னால் சின்ன வீடு. தொழிற்சாலைச் சமையலறையில் வேலை பார்க்கிறாள். ஒரு வேளைக்கு எண்ணூறு பேருக்கு சூப். என்னை உடனே அடையாளம் கண்டுகொண்டாள், பெயரை மட்டும் நான் சொல்ல வேண்டியிருந்தது. ரேஷன் சர்க்கரையைப் போட்டுச் செய்த கேக்கை வெட்டி வைத்தாள். டெஸ்ஸைப் பற்றி ஒரு வசை சொல்லவில்லை. "அவன் என்ன பண்ணுவான், மியூரியல். நான் சரியில்லை, கொட்டகைக்காரரே தள்ளிட்டாரு. ஓடாத குதிரையக் கட்டிக்கிட்டு அவனும் எத்தனை நாள் அழுவான்?"

கேக் தட்டைக் கீழே வைத்தேன். அப்படியானால் அவள் படிக்கவில்லையா? கையெழுத்துப் போடப் பேனா எடுக்கத் தையல் பெட்டியைத் திறந்தாள். நூல்கண்டுகளுக்கு அடியில் பழுப்புக் கவர் இருந்தது. ஒட்டியது ஒட்டியபடியே இருந்தது.

"இதைப் பிரிக்கவே இல்லையா நீங்க?" என்றேன்.

அவள் சிரித்தாள். அடுத்த ஊரில் ஆட ஒப்பந்தம் கையில் இல்லாமல் திரும்பி வந்த படத்தைப் பிரித்தால் அப்புறம் எந்த ஊருமே கிடைக்காது என்பது மேடைக்காரர்கள் நம்பிக்கையாம். அடுத்த ஊர் வரட்டும் என்று வைத்தாளாம், அது வரவே இல்லையாம். ஆபீசில் டைப் அடிக்கிறவளுக்கு இதெல்லாம் எங்கே தெரியும்? உலகத்தில் அவள் தொடாத ஒரே இடமாகப் பார்த்து நான் உண்மையை ஒளித்து வைத்திருக்கிறேன்.

அப்போதே சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் கையெழுத்துப் போட்டிருக்க மாட்டாள், எனக்கும் வேலை இருந்திருக்காது. அவள் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

"படத்துல கையுறை வருதா?"

"வருது."

"யாரு கழட்டுறா?"

"அவருதான்."

தலையாட்டிவிட்டுக் கையெழுத்துப் போட்டாள். மை காய ஊதிவிட்டுக் காகிதத்தை மடித்து வைத்துக்கொண்டேன். கேக்கில் ஒரு துண்டு பொட்டலம் கட்டிக் கொடுத்தாள். அதையும் வாங்கிக்கொண்டு வந்தேன். என்னை மாதிரி வெட்கம் கெட்டவள் எங்காவது உண்டா?

படம் வந்தது, ஊரே பார்த்தது. சமையலறைப் பெண்களோடு போய் ஹெட்டியும் பார்த்துவிட்டு எனக்கு ஒரு கார்டு போட்டாள். 'அந்தப் பெண் தானாக இறங்கிப் போகிறாள். நன்றாக இருந்தது. தள்ளிவிடும் வரை நிற்காமல் எனக்கும் அந்தப் புத்தி இருந்திருக்கலாம்.' இவ்வளவுதான். கோபமாக எழுதியிருந்தால் தாங்கியிருப்பேன். இதைத் தாங்க முடியவில்லை. படம் வெளியாகிவிட்டது, இனி கையெழுத்தை யாரும் கேட்க மாட்டார்கள். என் மனசாட்சி அந்தப் பாதுகாப்பான நாளைப் பார்த்துத்தான் எழுந்தது. இதையும் சொல்லிவிடுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் போனேன். உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள். கவரைப் பிரிக்கச் சொன்னேன். மாட்டேன் என்றாள். அப்புறம்தான் வாயைத் திறந்தேன். டெஸ் வந்தது, கதவைச் சாத்தியது, படத்தை நான் கழற்றியது, தெரியாது என்று நான் சொன்னது, எல்லாவற்றையும் நின்றபடியே சொன்னேன். அவள் கத்தியைக் கீழே வைத்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு போய்த் தையல் பெட்டியைக் கொண்டுவந்தாள். பசை காய்ந்திருந்தது, கவர் தானாகவே திறந்துகொண்டது. இருபத்தைந்து வயது ஹெட்டி இரண்டு பேர் மேசைமேல் விழுந்தார்கள். நடுவில் அந்தக் காகிதம். மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு சத்தமாகவே படித்தாள்.

"கார்மடி, பிரான்ட் ஜோடி. பதினான்கு நிமிடம். ஆணின் குரல் பரவாயில்லை. சிரிப்பு அத்தனையும் பெண்ணுடையது. எந்த ஊரானாலும் இந்தப் பெண்ணை விட்டுவிட வேண்டாம்."

இரண்டாம் தடவை மனசுக்குள் படித்தாள். மூன்றாம் தடவையும் படித்தாள். அழுவாள், அறைவாள் என்று நான் காத்திருந்தேன். அவள் எழுந்து, ஏப்ரனைக் கழற்றி நாற்காலியில் போட்டுவிட்டு, அடுப்புக்கு முன்னால் வந்து நின்றாள்.

"உக்காரு," என்றாள். உட்கார்ந்தேன்.

வலது கையை நீட்டினாள். கையுறை இல்லை, சூப் வாளி தூக்கித் தூக்கிக் காய்த்துப்போன வெறும் கை. இடது கையால் விரல் நுனியைப் பிடித்து இல்லாத கையுறையைக் கழற்ற ஆரம்பித்தாள். மணிக்கட்டு, முழங்கை, தோள். அது முடியவில்லை. அடுப்பைச் சுற்றி வந்தது, ஐஸ் பெட்டியைச் சுற்றி வந்தது, ஓரிடத்தில் மேசைக்காலில் மாட்டிக்கொண்டது, குனிந்து எடுத்துவிட்டாள். அந்தத் துணியை ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை. என்னை மட்டுமே பார்த்தாள், காபித்தூள் தீர்ந்துபோன அதே முகத்தோடு. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிக்கக் கூடாது, சிரிக்க நான் யார் என்று வாயைப் பொத்தினேன். முடியவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் கொட்ட, மேசைமேல் கவிழ்ந்து சிரித்தேன்.

ஹெட்டி காத்திருந்தாள். அவசரப்படவில்லை. என் சிரிப்பு பாதி இறங்கியது.

"இனிமே இந்த வீட்டுக்கு வராத, மியூரியல்," என்றாள்.