ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டில் ஓர் உளவாளி

நான் வாயாடி. பஸ்ஸில் பக்கத்தில் உட்காருபவர் இறங்குவதற்குள் அவருடைய ஊர், வேலை, பிள்ளைகள் விவரம் எல்லாம் தெரிந்துகொள்ளாவிட்டால் எனக்குத் தலை வெடித்துவிடும். மதுரையில் இதற்காக யாரும் என்னைக் கோபித்துக்கொண்டதில்லை. கேட்காமல் இருந்தால்தான் திமிர் பிடித்தவள் என்பார்கள்.

இரண்டாயிரத்துகளின் நடுவில் முனைவர் பட்ட ஆய்வுக்காக ஜெர்மனியில், கொலோன் நகரில் இருந்தேன். ஆங்கிலேயர் காலத்தில், வடமேற்கு எல்லைப்புற மலைகளில் கிளர்ச்சி வருமா வராதா என்று அதிகாரிகள் எப்படி உளவறிந்தார்கள் என்பது என் தலைப்பு. அவர்களுடைய அறிக்கைகளை நூலகத்தின் கீழ்த்தளத்தில் மைக்ரோஃபிலிம் சுருள்களில் ஓட்டி ஓட்டிப் படிப்பேன். மலைக்குப் போய்வரும் கம்பளி வியாபாரியையும் குதிரைத் தரகனையும் கூப்பிட்டு உட்காரவைத்து, வயிறார விருந்து போட்டு, எந்த ஊருக்கும் எந்த ஊருக்கும் சம்பந்தம், யார் வீட்டுக்குப் புதிதாக ஆள் வந்திருக்கிறது என்று விசாரிப்பார்கள். சொன்னவனைப் பற்றி ‘நம்பலாம்’ என்றோ ‘சந்தேகம்தான்’ என்றோ ஓரத்தில் ஒரு குறிப்பு. உப்புப் போட்டுவிட்டு வாயைப் பிடுங்குகிறார்களே என்று எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

யாழ்ப்பாணத்துக் குடும்பம் ஒன்றின் மாடியறையில் குடியிருந்தேன். அக்காவும் அவர் கணவரும் அகதிகளாக வந்து, வேரூன்றி, ஜெர்மன் குடிமக்களாகவே ஆகிவிட்டவர்கள். அக்கா முதியோர் இல்லமொன்றின் சமையலறையில் வேலை செய்தார். அண்ணை கிடங்கில் வண்டி ஓட்டினார். ஞாயிற்றுக்கிழமைகளில் என்னையும் கீழே சாப்பிடக் கூப்பிடுவார்கள். புட்டும் மீன்குழம்பும் சொதியுமாக அந்த மேசை நிறைந்திருக்கும். புதிதாக வந்திருந்த அக்காவின் தம்பியும் அன்றைக்கு வருவான். தஞ்சம் கேட்டு விண்ணப்பித்துவிட்டுப் பக்கத்து ஊரில் அகதிகள் விடுதியில் காத்திருந்தான். வாரத்தில் அன்று ஒருநாள்தான் அவனுக்கு ருசியான சாப்பாடும் தமிழ்ப் பேச்சும்.

முதல்முறை அவனைப் பார்த்ததும் என் வாய் சும்மா இருக்கவில்லை. எந்த ஊர், எந்த வழியாக வந்தீர்கள், கூட யார் வந்தார்கள், யார் அனுப்பிவைத்தார்கள் என்று அடுக்கிக்கொண்டே போனேன். அவன் “ஓம்”, “இல்லை” என்று முடித்துக்கொண்டான். நான் என்ன படிக்கிறேன் என்று அண்ணை கேட்டார். அரசாங்கம் ஜனங்களை எப்படி உளவு பார்க்கிறது என்பதைத்தான் படிக்கிறேன் என்று பெருமையாகச் சொன்னேன். மேசையில் இருந்த எல்லோருக்கும் திடீரென்று புட்டின் மேல் அக்கறை வந்துவிட்டது.

அடுத்த ஞாயிறு அவன் வரவில்லை. அதற்கடுத்ததும் வரவில்லை. பிறகு ஒரு மாலை அண்ணை மாடியேறி வந்தார். உள்ளே வராமல் வாசலிலேயே நின்றார்.

“குறை நினையாதேங்கோ தங்கச்சி. நீங்கள் ஆருக்கு வேலை செய்யிறியள்?”

முதலில் கோபம் வந்தது. அப்புறம் சிரிப்பு வந்தது. அவர் இறங்கிப் போனபின்தான் யோசித்துப் பார்த்தேன். இந்தியாக்காரி, அகதியாக வந்த பையனிடம் வந்த வழியையும் அனுப்பிய ஆளையும் கேட்கிறாள், படிப்பதோ உளவு. அவர்கள் இடத்தில் நான் இருந்தாலும் இவளை நம்பியிருக்க மாட்டேன். அந்த மலை அதிகாரி கேட்டதும் நான் கேட்டதும் ஒன்றேதான். விருந்துகூட இருந்தது, அதை இந்த வீட்டுக்காரர்களே போட்டிருந்தார்கள் என்பதுதான் வித்தியாசம். என்னால் அந்தப் பையனுக்கு அக்கா கையால் சாப்பிடும் ஒரே நாளும் போய்விட்டதே என்று அழுதேன்.

அறையைக் காலி செய்கிறேன் என்று அக்காவிடம் போய்ச் சொன்னேன். அவர் வெங்காயம் நறுக்குவதை நிறுத்தவில்லை.

“இந்தக் குளிருக்குள்ள எங்க போகப்போறியள்? இருங்கோ. ஆனா அவனை ஒண்டும் கேக்காதேங்கோ. அவனைக் கேக்கிறதுக்கெண்டே இஞ்ச வேற ஆக்கள் இருக்கினம்.”

தம்பியிடம் அக்கா என்ன சொன்னாரோ, அடுத்த ஞாயிறு அவன் வந்தான். நான் கேள்வி கேட்காத விரதம் தொடங்கினேன். சஷ்டி விரதமெல்லாம் இதற்கு முன்னால் ஒன்றுமேயில்லை. கேட்க முடியாததால் என் கதையைச் சொன்னேன். டிராமில் டிக்கெட் இல்லாமல் மாட்டிக்கொண்டது, நிச்சயமாகி நின்றுபோன என் கல்யாணம், எல்லாம் மேசைக்கு வந்தது. அவன் சிரிக்க ஆரம்பித்தான். குளிர்காலம் முழுதும் அப்படியே போனது.

அப்புறம் அவனுக்கு டெர்மின் வந்தது, தஞ்ச விசாரணைக்கு நாள் குறித்துவிட்டார்கள். அலுவலகத்தில் மணிக்கணக்காக உட்காரவைத்துக் கேட்பார்கள். சொல்வது முன்னுக்குப் பின் முரணாக இருந்தால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அந்த ஞாயிறு சாப்பாடு முடிந்தும் அவன் எழுந்திருக்கவில்லை. என் பக்கம் திரும்பினான்.

“அக்கா, கேக்கிற ஆக்கள் என்னத்தை எழுதுவினம் எண்டுதானே படிக்கிறனீங்கள். என்னைக் கேளுங்கோ.”

நான் அக்காவைப் பார்த்தேன். அவர் தலையை ஆட்டிவிட்டுத் தேநீருக்குத் தண்ணீர் வைத்தார்.

அதிகாரி மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்து, எந்த மாதம் வீட்டைவிட்டுக் கிளம்பினீர்கள் என்று கேட்டேன். கோயிலில் கொடியேறியபின், தேருக்கு முன்னால் என்றான். அப்புறம் எங்கே இருந்தீர்கள்? மாமி மகளின் கல்யாண வீடு முடியும்வரை அங்கே என்றான். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பார்லி அறுப்புக்கு முன்னால், சித்தப்பா வீட்டுக்கு மருமகள் வந்த பிறகு என்றுதான் அந்த அறிக்கைகளில் மலைக்காரன் சொல்வான். தேதி தெரியாதவன், சந்தேகம்தான் என்று அதிகாரி எழுதுவான். சுருள் சுருளாக அதைப் படித்து நான் பட்ட கோபத்துக்கு அன்றுதான் ஒரு வேலை கிடைத்தது.

நினைவில்லாத தேதியைப் பயத்தில் சொல்லிவிடாதீர்கள் என்றேன். கொடியேற்றம் என்றால் கொடியேற்றம் என்றே சொல்லுங்கள், எங்கள் ஊரில் நாட்களை இப்படித்தான் நினைவு வைத்துக்கொள்வோம் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். அது எந்த மாதம் என்று பஞ்சாங்கத்தில் சேர்ந்து பார்த்தோம். மறந்ததை மறந்துவிட்டது என்று சொல்லப் பழகினான். ஓரிடத்தில் அவன் பேச்சு நின்றுவிட்டது. நானும் நிறுத்திக்கொண்டேன். தேநீர் குடித்து முடித்தபின் அவனே அதைச் சொன்னான். அதை நான் இங்கே எழுதப் போவதில்லை.

போய்வந்தான். முடிவு வர மாதங்களாயின. தஞ்சம் கிடைத்துவிட்டது என்று அக்கா போனில் அழுதபோது, சுருளை மெஷினிலேயே விட்டுவிட்டு வீட்டுக்கு ஓடினேன்.

என் ஆய்வின் உருப்படியான அத்தியாயம் அந்தச் சமையலறையில் பிறந்தது. தங்களை உளவு பார்க்க வந்தவள் என்று நினைத்தும் என்னைத் துரத்தாமல் சோறு போட்டவர்கள் அவர்கள். நன்றியுரையில் மூவர் பெயரையும் எழுதி அக்காவிடம் காட்டினேன். அவர் இரண்டு தரம் படித்தார்.

“சந்தோசம் பிள்ளை. ஆனா எங்கட பேரை எடுத்துவிடுங்கோ. ஊரில இன்னும் எங்கட ஆக்கள் இருக்கினம்.”

எடுத்துவிட்டேன். ‘கொலோனில் ஒரு வீட்டுக்கு’ என்று மட்டும் அச்சானது. வாய்மொழித் தேர்வு முடிந்து எல்லோரும் காப்பி குடித்துக்கொண்டிருந்தபோது, தேர்வாளர் ஒருவர் அந்த வீடு யாருடையது என்று அன்பாகத்தான் விசாரித்தார். எனக்குச் சாப்பாடு போட்ட வீடு என்றேன். இன்னும் கொஞ்சம் சொல்வேன் என்று அவர் காத்திருந்தார். நான் கேக்கை வாயில் போட்டுக்கொண்டேன். என் வாழ்நாளில் அவ்வளவு நன்றியோடு நான் வாயை மூடிக்கொண்டதில்லை.