மோட்டார்க்காரர் காதில் விழாதது

எரிந்துபோன மோட்டார்களுக்குக் கம்பி சுற்றியே பாதி ஆயுளைக் கழித்தவரிடம், கண்காட்சிக்கு இசைக்கருவி செய்யச் சொன்னால் வேறென்ன நடக்கும்? யாராவது கிட்டே வந்தால் மோட்டார் ஓடி, சக்கரம் சுழன்று தந்தியை உரச வேண்டும். அருமையாகத்தான் உரசியது. ஆனால் சந்தடியில்லாத கூடத்தில் கொண்டுவந்து வைத்ததும், கண்காட்சி நடத்தும் பெண் முகம் சுளித்தாள்.

"அண்ணே, தந்திச் சத்தத்தோட ஏதோ உர்ருங்குதே?"

"எனக்கு ஒண்ணும் கேக்கலையேம்மா."

"மோட்டாரோடயே குடும்பம் நடத்துற மனுஷனுக்கு அது எங்க கேக்கும்?" என்றாள், சாப்பாடு கொண்டுவந்திருந்த மனைவி. "நான் கூப்பிடுறதே கேக்காது."

அவர் மோட்டாருக்கு அடியில் ரப்பர் வைத்தார். கம்பளித் துண்டைச் சுற்றினார். திருகாணிகளை இறுக்கினார். ஒவ்வொரு தடவையும் மனைவியின் முகத்தைத்தான் பார்த்தார்.

"இப்ப?"

"இருக்கு."

சாப்பாடு ஆறிப்போனது. இடுப்பைப் பிடித்துக்கொண்டு மறுபடி எழுந்தார். திருப்புளியால் இன்னொரு சுற்று இறுக்கினார்.

"இப்ப?"

"போயிடுச்சுங்க. வந்து சாப்பிடுங்க."

அந்தப் பெண் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். மனைவி அவளை ஒரு பார்வை பார்த்தாள்.

"ஆமாண்ணே, சுத்தமா போயிடுச்சு" என்றாள் அவள், அந்த உர்ருக்கு மேலே குரலை உயர்த்தி.