என் புத்தகத்தில் அவளுடைய ரத்தம்

முதலில் வீங்கியது கால். கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் நாள் முழுக்க நின்றபடி செய்யும் வேலை எனக்கு. அங்கே யாருக்குத்தான் கால் வீங்காது? செருப்பு ஏறாத அன்று என் கணவர் செல்வத்தின் செருப்பை மாட்டிக்கொண்டு ஷிஃப்டுக்குப் போனேன். எட்டாம் மாதம் தலைவலி வந்தது. பிறகு ஒருநாள் காலையில் கண்ணுக்கு முன்னால் பூச்சி பறந்தது. கையை வீசி விரட்டினேன். பூச்சியே இல்லை. அப்போதுதான் பயந்தேன்.

கர்ப்பிணிகளுக்கென்று ஓர் அறக்கட்டளை கொடுத்த சீட்டுப் புத்தகம் என்னிடம் இருந்தது. மாதாமாதம் பரிசோதனைக்கு ஒரு சீட்டு, பிரசவத்துக்கு ஒன்று. கிழித்துக் கொடுத்தால் தனியார் மருத்துவமனையில் இலவசமாகப் பார்ப்பார்கள். பார்த்ததை அதே புத்தகத்தில் எழுதித் தருவார்கள். அதில் போட்டோ கிடையாது.

ஆட்டோவில் போனோம். பிரஷர் நூற்று எழுபது. பிரீ-எக்லாம்சியா (கர்ப்ப காலத்தில் ரத்த அழுத்தம் ஏறி, சிறுநீரில் புரதம் கசியும் நிலை) என்றார் டாக்டரம்மா. வலிப்பு வரலாம், இன்றே ஆபரேஷன் செய்து குழந்தையை எடுக்க வேண்டும் என்றார். பிறகு புத்தகத்தைப் புரட்டினார்.

"போன மாசம் பிரஷர் நார்மல். ஆனா ஹீமோகுளோபின் ஏழுதான். உடனே வரணும்னு சிவப்பு மையில எழுதியிருக்கோமே, ஏம்மா வரலை?"

ஹீமோகுளோபின் (ரத்தத்தில் பிராணவாயுவைச் சுமக்கும் சிவப்புப் பொருள்) எனக்கு ஒருநாளும் குறைந்ததில்லை. அது என் ரத்தம் இல்லை.

ஏழாம் மாதம் எனக்கு ஒரு குறையும் இல்லை என்றுதான் நினைத்தேன். என் பக்கத்தில் நின்று வேலை செய்த நாகமணிக்கு அப்போது ஆறு மாதம். எல்லைக்கு அந்தப் பக்கம், தடாக்காரி. ஆந்திர ரேஷன் கார்டு என்பதால் அவளுக்குப் புத்தகம் தரவில்லை. "மூச்சு வாங்குதுக்கா, பயமா கீது" என்றாள். "என் பேரைச் சொல்லிக்கினு போய்ட்டு வா" என்று அந்த மாதச் சீட்டோடு நான்தான் புத்தகத்தைக் கொடுத்தேன். அந்த மாதம் நான் பரிசோதனைக்குப் போகவில்லை.

பரிசோதனைக்கு ரத்தம் கொடுத்த கையோடு, புத்தகத்தை அங்கேயே விட்டுவிட்டு அவள் ஷிஃப்டுக்கு ஓடி வந்துவிட்டாள். மறுநாள் மருத்துவமனை கவுண்டரில் புத்தகத்தை வாங்கியவள் நான். "உள்ள எழுதியிருக்கு, பாத்துக்கங்க" என்றாள் அங்கிருந்த பெண். தலையாட்டிவிட்டுப் பைக்குள் போட்டேன். உதவி செய்துவிட்டேன் என்ற பெருமையில் திறந்துகூடப் பார்க்கவில்லை.

செல்வம் என் காதருகே குனிந்தார். "கம்முனு இரு. இப்ப சொன்னா சீட்டு செல்லாதுன்னு தொரத்தி வுட்டுருவாங்க."

சொன்னால் வெளியே தள்ளுவார்களோ என்று பயம். சொல்லாவிட்டால் இன்னொருத்தியின் உடம்பை நினைத்து என்னை அறுப்பார்களே என்று அதைவிடப் பயம்.

"டாக்டர், அது நான் இல்ல."

அவர் திட்டவில்லை. அந்தப் பக்கத்தைக் குறுக்கே அடித்தார். "எல்லா டெஸ்டும் முதல்லருந்து எடுங்க" என்று நர்ஸிடம் சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். "உனக்கு எப்பலருந்து பிரஷர் ஏறிச்சுன்னு இனி யாருக்கும் தெரியாது. அந்தப் பொண்ணு எங்க? பிரசவத்துல கொஞ்சம் ரத்தம் போனாலும் அவ தாங்கமாட்டா."

பிரசவச் சீட்டை வாங்கிக்கொண்டு இலவசமாகவே ஆபரேஷன் செய்தார்கள். வலிப்பு வரவில்லை. மகள் ஒன்றரை கிலோ. மூன்றாம் நாள்தான் அவளைக் கண்ணாடிப் பெட்டிக்குள் பார்த்தேன். அழக்கூடப் பயமாக இருந்தது.

நாகமணியின் போன் அணைந்தே கிடக்கிறது. தலைப்பிரசவம் என்று ஏழாம் மாதமே அம்மா வீட்டுக்கு அழைத்துப் போய்விட்டார்களாம். செல்வம் இரண்டு முறை தடா வரை போய், வீடு தெரியாமல் தேடிவிட்டு வந்தார். "ஒரு வருஷம் பக்கத்துல நின்னுக்கினு இருந்த, அவங்க அம்மா ஊரு இன்னான்னு கேக்கலியா?" என்றார். நான் கேட்கவே இல்லை.

உங்களிடமும் இப்படி ஒரு புத்தகம் இருந்தால், இரவல் கொடுக்காதீர்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவள் வேறு எங்கே போவாள் என்று அன்று நான் யோசிக்கவில்லை; நீங்கள் யோசியுங்கள். ஏற்கெனவே கொடுத்திருந்தால் இன்றே திறந்து படியுங்கள். டாக்டரிடம் மறைக்காதீர்கள்.

மகள் வீட்டுக்கு வந்துவிட்டாள். என் பிரஷரும் இறங்கிவிட்டது. ஆனாலும் காலண்டரில் மாதம் எண்ணுவதை நான் விடவில்லை. இந்த வாரம் நாகமணிக்கு ஒன்பது நிறைகிறது. பால் கொடுக்கும்போது அடிவயிற்றில் தையல் இழுத்து வலித்தால், அது பிள்ளை பெற்ற உடம்பின் வலிதான் என்று தெரிந்தும், அங்கே அவளுக்கு வலி எடுத்துவிட்டதோ என்றுதான் பதறுகிறேன்.