நீலமா, மாம்பழ மஞ்சளா?

எண்பதுகளின் கடைசியில், ஒரு காணும் பொங்கலன்று தொடங்கியது இது. அப்போது நாங்கள் அம்பத்தூர் கள்ளிக்குப்பத்தில் குடியிருந்தோம். எனக்கு இருபத்திமூன்று வயது. தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் இன்ஸ்பெக்‌ஷன் வேலை. மற்றவர்கள் செய்து அனுப்பும் சாமானை அளந்து பார்த்து, நல்லதற்குப் பச்சைப் புள்ளியும் கெட்டதற்குச் சிவப்புப் புள்ளியும் வைக்க வேண்டும். அடுத்தவர் தப்பைக் கண்டுபிடிப்பதற்கென்றே சம்பளம் வாங்குகிறவனுக்குத் தன் மேல் கொஞ்சம் அதிகமாகவே நம்பிக்கை வந்துவிடும். எனக்கும் வந்திருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலைகளில் டிவியில் ஒரு பழைய வெளிநாட்டு விண்வெளித் தொடர் போடுவார்கள். ஒரு விண்கலம், அதில் ஒரு கேப்டன், அவருடைய ஆட்கள். வாரம் ஒரு கிரகத்தில் இறங்கி வம்பில் மாட்டிக்கொண்டு, முடிவதற்குள் தப்பித்துவிடுவார்கள். எல்லாரும் படபடவென்று இங்கிலீஷில் பேசுவார்கள். எனக்குப் பாதி புரியும். மீதிப் பாதியை நானே இட்டுக்கட்டித் தெருவுக்குச் சொல்வேன். அந்தத் தொடருக்கென்றே நாற்பது பக்க நோட்டு ஒன்று வைத்திருந்தேன். விண்கலத்தின் எண், உள்ளே இருப்பவர்கள் எத்தனை பேர், எந்தக் கிரகத்தில் எத்தனை சூரியன், யார் யார் என்ன நிறத்தில் உடுப்பு போட்டிருக்கிறார்கள் என்று எல்லாம் அதில் இருக்கும். கண்ணால் பார்க்காத எதையும் அதில் எழுதமாட்டேன் என்று பெருமை வேறு.

எங்கள் வீட்டு டிவி கறுப்பு வெள்ளை. தெருவில் எல்லா வீட்டிலும் அதுதான். ஆனால் சைக்கிளில் வந்த ஒருவர் ஒரு பிளாஸ்டிக் தாள் விற்றுவிட்டுப் போயிருந்தார். மேலே நீலம், நடுவில் ஆரஞ்சு, கீழே பச்சை. அதைத் திரைக்கு முன்னால் மாட்டிவிட்டால் கறுப்பு வெள்ளை டிவி கலராகிவிடும் என்று கணக்கு. ஆகாயமும் புல்லும் வந்தால் பிரமாதமாக இருக்கும். செய்தி வாசிக்கிறவருக்குத்தான் தலை நீலமாகவும் தாடை ஆரஞ்சாகவும் இருக்கும். அது வெறும் தாள் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனாலும் ஒன்றரை வருடம் தினம் பார்த்தால் கண் அதை மறந்துவிடுகிறது.

காணும் பொங்கலுக்கு எங்கள் இளைஞர் மன்றம் தெருமுனைக் காலி மனையில் மைக் செட் கட்டி விளையாட்டுப் போட்டிகள் நடத்தும். மியூசிக்கல் சேர், ஸ்பூனில் எலுமிச்சம்பழம், உறியடி. அந்த வருடம் புதிதாக டிவி வினாடி வினா ஒன்றைச் சேர்த்தோம். கேள்வி தயாரித்தவன், கேட்பவன், தீர்ப்பு சொல்பவன் மூன்றும் நான்தான். பரிசு ஒரு எவர்சில்வர் குடம்.

பத்துப் பேர் பெயர் கொடுத்தார்கள். தப்பாகச் சொன்னவர்கள் ஒவ்வொருவராக இறங்கிப் போக, கடைசியில் மேடையில் மிஞ்சியது எங்கள் பின்வரிசை வீட்டு அக்கா ஒருவர். முப்பது வயதுக்குள்தான் இருக்கும். அதிகம் பேசமாட்டார். ஏதோ எக்ஸ்போர்ட் கம்பெனியில் வேலைக்குப் போகிறார் என்று அவர் வீட்டுக்காரர் சொல்லித் தெரியும். அந்த அக்கா விண்கலத்தின் எண்ணைத் தவறாமல் சொன்னதும் எனக்குக் கொஞ்சம் எரிச்சலாகக்கூட இருந்தது. அது என் நோட்டில் மட்டும் இருக்கிற விஷயம் என்று நினைத்திருந்தேன்.

கடைசிக் கேள்வி. விண்கலத்தில் வழி பார்த்துச் சொல்லும் பெண் அதிகாரி என்ன நிறத்தில் உடுப்பு போட்டிருப்பார்?

"மஞ்சள்" என்றார் அக்கா. "மாம்பழம் கீது பாரு, அந்த மஞ்சள்."

நான் மைக்கில் ஒரு தரம் சிரித்தேன். அந்தச் சிரிப்பை இன்றைக்கு நினைத்தாலும் உடம்பு கூசுகிறது. கூட்டத்தைப் பார்த்து, "நீங்களே சொல்லுங்க, இன்னா கலர்?" என்று கேட்டேன். "நீலம்!" என்று மொத்தத் தெருவும் கத்தியது. அந்தப் பெண் அதிகாரி எப்போதும் ஒரு உயரமான மேடையில் நின்றபடியே வேலை செய்பவள். அதனால் எல்லார் வீட்டிலும் அவள் திரையின் மேல்பக்கத்தில்தான் வருவாள். எல்லார் வீட்டிலும் அதே சைக்கிள்காரர் விற்ற அதே தாள். இதெல்லாம் அப்போது எனக்கு உறைக்கவில்லை. ஐம்பது பேர் ஒரே குரலில் சொல்கிறார்களே, இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும் என்றிருந்தது.

"இல்ல தம்பி, நான் கலர் டிவிலயே பாத்தேன்" என்றார் அக்கா.

"கலர் டிவியா? எங்கக்கா பாத்தே?" என்று மைக்கிலேயே கேட்டேன்.

அக்கா வாயைத் திறந்தார். கூட்டத்தில் நின்றிருந்த தன் வீட்டுக்காரரைப் பார்த்தார். திரும்ப மூடிக்கொண்டார். கூட்டத்தில் யாரோ, "கனவுல பாத்துருக்கும் மாமே!" என்று சொல்ல, ஒரே சிரிப்பு. நான் 'தவறான விடை' என்று அறிவித்துவிட்டுக் குடத்தை மன்றத்து அறைக்கே திருப்பி அனுப்பினேன். மேடையை விட்டு இறங்கும்போது அக்கா எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "ஒரு தபா கலர்ல பாத்துட்டு அப்பால சொல்லு தம்பி" என்றார். குரலில் கோபமே இல்லை. அதுதான் என்னைக் குடைய ஆரம்பித்தது.

மறுநாள் கம்பெனியில் சிவப்புப் புள்ளி வைக்கக் கை போகும்போதெல்லாம் அந்தக் குரல்தான். அளக்கிற கருவி சரியாக இருக்கிறதா என்று வாரம் ஒரு தடவை கருவியையே சோதிக்க அனுப்புவோம். அது எங்கள் வேலையில் முதல் பாடம். என் டிவியை நான் எந்தக் கருவியை வைத்துச் சோதித்தேன்? அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போய் அந்தப் பிளாஸ்டிக் தாளைக் கழற்றினேன். உள்ளே நீலமும் இல்லை, மஞ்சளும் இல்லை. வெறும் சாம்பல்.

கலர் டிவிக்கு எங்கே போவது? பாடியில் பஸ் மாறும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு டிவி ரிப்பேர் கடை உண்டு. கடைக்காரரை அதற்கு முன்னால் நான் பார்த்ததுகூடக் கிடையாது. ரிப்பேருக்கு வந்த கலர் டிவி ஏதாவது இருக்கிறதா, ஞாயிறு காலை ஒரு அரைமணி நேரம் பார்த்துக்கொள்ளலாமா என்று கேட்டேன். என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ஞாயித்துக்கெழம கடை லீவு. ஆனா ஒரு செட்டு டெஸ்ட் பண்ணிக் குடுக்கணும். ஒம்பது மணிக்கு முன்னாடி வந்துடு" என்றார்.

போனேன். அரை ஷட்டரைத் தூக்கி உள்ளே விட்டார். டிவியைப் போட்டதும், நிகழ்ச்சி தொடங்குவதற்கு முன்னால் வரும் வண்ணப் பட்டைகள் நின்றன. எனக்கு உடனே ஒரு சந்தேகம். "அண்ணே, இதுலயும் கலர் பட்டனைத் திருப்பினா மாறுமில்ல? அப்ப எது நெஜக் கலர்னு எப்படித் தெரியும்?" என்று கேட்டேன்.

"அதுக்குத்தான் நைனா இந்தப் பட்டை. மஞ்சப் பட்டை மஞ்சளா, நீலப் பட்டை நீலமா மொதல்ல நிக்கணும். அது சரியா நின்னா, பின்னாடி வர்ற மனுசங்களும் சரியா இருப்பாங்க" என்று சொல்லிப் பொறுமையாகப் பட்டனைத் திருப்பித் திருப்பிச் சரி செய்தார். பிறகு கையைக் கட்டிக்கொண்டு என் பக்கத்திலேயே ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டார்.

தொடர் ஆரம்பித்தது. விண்கலத்தின் உள்ளே காட்டினார்கள். கேப்டன் ஏதோ உத்தரவு போட்டார். கேமரா மேலே திரும்பியது. அந்தப் பெண் அதிகாரி மேடையில் நின்றிருந்தாள், மாம்பழ மஞ்சளில். பங்கனப்பள்ளிப் பழத்தின் தோலை உரித்துப் போட்டுக்கொண்ட மாதிரி.

எனக்கு முகம் சுட்டது. விஷயத்தைக் கேட்ட கடைக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். "அந்தம்மா சொன்னத நம்பாம பாடி வரைக்கும் வந்தியா?" என்றார். எழுந்து வரும்போது ஏதாவது கொடுக்கலாம் என்று சட்டைப் பையில் கையை விட்டேன். "எனக்கு இன்னாத்துக்கு? போய் அந்தம்மாகிட்ட சொல்லு, போ" என்று ஷட்டருக்கு வெளியே தள்ளாத குறையாக அனுப்பினார். முன்பின் தெரியாத ஒருவனின் பைத்தியக்காரத்தனமான சந்தேகத்துக்காகத் தன் லீவு நாளில் உட்கார்ந்த அந்த மனிதருக்கு நான் நன்றிகூடச் சரியாகச் சொல்லவில்லை.

அன்று மத்தியானமே அக்கா வீட்டுக்குப் போனேன். அப்போதுதான் எங்கிருந்தோ வந்து புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். வீட்டுக்காரர் வீட்டில் இல்லை. நான் பார்த்ததைச் சொல்லி, குடத்தைக் கொண்டுவந்து கொடுத்துவிடுகிறேன் என்றேன்.

"கொடம் கெடக்குது தம்பி" என்றார். "அன்னிலேர்ந்து கொழாயாண்ட போனா, 'கலர் டிவி வந்துட்ச்சு'ன்றாளுங்க. பால்காரன் வர்லன்னு சொன்னாக்கூட, 'மெய்யாலுமா, இல்ல கனவா'ன்னு கேக்கறாங்க. நீ மைக்ல சொன்னே இல்ல? அதே மைக்ல சொல்லு."

சரி என்றேன். அக்கா கொஞ்சம் தயங்கிவிட்டு மெதுவாகச் சொன்னார். அவர் எந்தக் கம்பெனிக்கும் போகவில்லை. அண்ணாநகரில் ஒரு வீட்டில் வேலை. ஞாயிற்றுக்கிழமை காலையில் ஹாலைத் துடைக்கும்போது அந்த வீட்டுக் கலர் டிவியில் இந்தத் தொடர் ஓடும். கேட்டுக் கேட்டு விண்கலத்தின் எண் வரைக்கும் மனப்பாடம். வீட்டு வேலை என்று சொன்னால் கௌரவக் குறைச்சல் என்று அவர் வீட்டுக்காரர் தெருவில் எக்ஸ்போர்ட் கம்பெனி என்று சொல்லி வைத்திருந்தார். "எங்க பாத்தேன்னு மட்டும் சொல்லிடாதே தம்பி" என்றார்.

நான் கேட்ட ஒரு கேள்விக்கு மேடையில் அவர் ஏன் வாயை மூடிக்கொண்டார் என்று அப்போதுதான் புரிந்தது. புருஷன் சொன்ன பொய்யைக் காப்பாற்றத் தன்னைப் பொய்க்காரியாக்கிக்கொண்டு இறங்கிப் போயிருக்கிறார்.

அந்த வாரமே குடியரசு தினம். அதே காலி மனை, அதே மைக் செட். மன்றத்து அறையிலிருந்து குடத்தை எடுத்துவந்து மேடை மேசையில் வைத்திருந்தேன். கொடியேற்றி மிட்டாய் கொடுத்து முடித்ததும் மைக்கை வாங்கினேன். தெருவில் பாதிப்பேர் என் கம்பெனிக்காரர்கள். இனி என் சிவப்புப் புள்ளியை எவன் மதிப்பான் என்று ஒரு பயம். ஆனாலும் சொல்லிவிட்டேன். "பொங்கல் அன்னைக்கு நான் தப்புன்னு சொன்ன பதில்தான் சரி. நேர்ல கலர்ல பாத்துட்டேன். மாம்பழ மஞ்சள். நம்ம எல்லார் வீட்லயும் நீலமாத் தெரிஞ்சது அந்தத் தாளோட வேலை. தப்பு பண்ணது நான். அக்கா என்னை மன்னிக்கணும்."

கொஞ்சம் சலசலப்பு. பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. "அதெல்லாம் சரி அண்ணாத்தே, அது எங்க பாத்துச்சாம்?"

பொய் சொல்லவும் வரவில்லை, உண்மையைச் சொல்லவும் வழியில்லை. மைக்கைப் பிடித்தபடி மரம் மாதிரி நின்றேன். என் முழியைப் பார்த்த அக்கா, பெண்கள் வரிசையிலிருந்து எழுந்து நின்றார்.

"அண்ணாநகர்ல, நான் வேலை செய்யற ஊட்ல. தரை தொடச்சிகினே பாத்தேன். போதுமா?"

கொடிக்கம்பத்துக்குப் பக்கத்தில் நின்றிருந்த அவர் வீட்டுக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். போச்சு, என்னால் ஒரு குடும்பத்தில் சண்டை வரப்போகிறது என்று நினைத்தேன். அவர் நேராக மேடைக்கு வந்தார். என்னைப் பார்க்கவில்லை. மேசையில் இருந்த எவர்சில்வர் குடத்தை எடுத்துத் தோளில் வைத்துக்கொண்டு, கூட்டத்துக்கு நடுவிலேயே நடந்து போய் அக்காவிடம், "வா, ஊட்டுக்குப் போலாம்" என்றார். யார் முதலில் கை தட்டியது என்று தெரியாது. எல்லாரும் தட்டினார்கள். நானும் மைக்கைக் கீழே வைத்துவிட்டுத் தட்டினேன்.

அடுத்த ஞாயிறு மத்தியானம் அக்கா பஸ்ஸிலிருந்து இறங்கி வரும்போது குழாயடியில் நின்றிருந்த ஒரு பெண்மணி, "இன்னிக்கு அந்த வில்லன் இன்னா கலர்டி?" என்று கேட்டாராம். அது அப்படியே வழக்கமாகிவிட்டது. வாராவாரம் காலையில் நாங்கள் தாளைக் கழற்றிவிட்டுச் சாம்பலில் பார்ப்போம். மத்தியானம் அக்கா வந்து கலர் சொல்வார். கேப்டனின் கோட்டு செங்கல் பொடி மாதிரி, கதவெல்லாம் கொய்யாப்பழத்தின் உள்பக்கம் மாதிரி, இரண்டு சூரியன் உள்ள கிரகத்தில் ஒரு சூரியன் மட்டும் கத்தரிப்பூ நிறம். நான் நோட்டை எடுத்துக்கொண்டு போய் அவர் சொல்லச் சொல்ல எழுதிக்கொள்வேன். கண்ணால் பார்க்காததை எழுதமாட்டேன் என்ற என் பெருமை அதோடு போயிற்று.

சில வருடங்கள் கழித்து அவர்கள் பருத்திப்பட்டுப் பக்கம் வீடு மாறிப் போய்விட்டார்கள். அதற்குப் பிறகுதான் எங்கள் வீட்டுக்குக் கலர் டிவி வந்தது. அந்தத் தொடரை மறுபடியும் போட்டபோது நோட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். செங்கல் பொடி, கொய்யா, கத்தரிப்பூ. ஒன்றுகூடத் தப்பவில்லை. ஒவ்வொரு வரிக்கும் நேராக ஒரு பச்சைப் புள்ளி வைத்துக்கொண்டே வந்தேன். கண்ணில் நீர் கட்டியதால் கடைசிப் புள்ளி மட்டும் கொஞ்சம் கோணலாக விழுந்தது.

இன்றைக்கும் யாராவது சொல்வதைக் கேட்டு 'அது தப்பு' என்று நாக்கு நுனி வரைக்கும் வரும்போது, என் கண்ணுக்கு முன்னால் என்ன தாள் மாட்டியிருக்கிறது என்று ஒரு தரம் தடவிப் பார்த்துவிட்டுத்தான் வாயைத் திறக்கிறேன். அந்த ஒரு பழக்கத்தை எனக்குக் கொடுத்தவர், நான் மைக்கில் சிரித்த பிறகும் என்னைக் காப்பாற்ற எழுந்து நின்ற அந்த அக்காதான்.