மாமா நடத்திய இங்கிலீஷ் வகுப்பு

ஒன்பது வயதில் நான் ஒரு கெட்டிக்கார மடையன். எல்லாவற்றையும் கவனிப்பேன், ஒன்றையும் சரியாக விளங்கிக்கொள்ள மாட்டேன். போதாக்குறைக்கு, கவனித்ததை ஊருக்கெல்லாம் சொல்லியும் திரிவேன்.

அப்போது இத்தாலியின் பலெர்மோ நகரில், அல்பெர்கேரியாப் பகுதி ஒழுங்கையொன்றில் இருந்தோம். மேல்வீட்டில் கேப் வெர்டே தீவுகளிலிருந்து வந்த ஓர் அக்கா. பேச்சு போர்த்துக்கீசம், வேலை எங்கள் வீட்டாரைப் போலவே சிஞ்ஞோராக்கள் என்ற எசமானியம்மாக்களின் வீடுகளில். அவருடைய ஒரே தங்கை லண்டனில் இருந்தாள். நகரோரக் கடற்கரையான ஸ்ஃபெர்ராகவால்லோவில் தங்கியிருந்த ஆங்கிலச் சிஞ்ஞோரா ஒருவர், லண்டன் திரும்பும்போது பிள்ளை பார்க்க ஆள் கூட்டிப்போவாராம், ஆனால் இங்கிலீஷ் தெரிய வேண்டுமாம். அக்கா என் மாமாவிடம் ஓடிவந்தார்.

மாமாவுக்குத் தெரிந்த படிப்பு ஒன்றுதான். ஊரில் அவருடைய வாத்தியார் பிரம்போடு ஊட்டியது. அகராதியை 'ஏ'யில் தொடங்கி வரிசையாகப் பாடமாக்க வேண்டும், பாய்ந்து போகக் கூடாது. நான் உதவி வாத்தியார். பிரம்புக்குப் பதில் அகப்பைக்காம்பு.

அக்கா படித்த வேகத்தைப் பார்த்திருக்க வேண்டும்! 'அட்மினிஸ்ட்ரேஷன்', 'அம்பிஷன்' போன்ற நீட்டுச் சொற்களெல்லாம் அவருடைய மொழிக்கு ஒன்றுவிட்ட சகோதரங்கள், கேட்டதும் பிடிபட்டன. 'ஏப்ரன்' மாதிரிக் குட்டிச் சொற்களில்தான் சறுக்கினார். இப்படியொரு மாணவி கிடைத்தால் வாத்தியார் மகிழ வேண்டாமா? மாமாவோ நிலைகொள்ளாமல் யன்னலுக்கும் கதவுக்குமாக நடந்தார். அக்கா பக்கத்தைப் புரட்டப் போனால், "இன்னொருக்காச் சொல்லுங்கோ" என்று பழையபடி தொடங்கினார்.

மாமா புங்குடுதீவுக்காரர். அப்பா யாழ்ப்பாணப் பட்டினத்தவர், விடுவாரா? "தீவாரும் தீவாரும் நல்லாச் சேர்ந்திட்டினம்" என்றார்.

"சும்மா இருங்கோ அத்தான்!" என்றார் மாமா.

எனக்கும் பொறுக்கவில்லை. "கே-க்குப் பாய்வமே மாமா? கிச்சின் அங்கைதானே கிடக்கு."

"வரிசை குழம்பக் கூடாது" என்று சீறினார். மாணவி தன்னை முந்திவிடுவாளென்ற பொறாமை என்று நான் முடிவுகட்டினேன்.

சிஞ்ஞோராவைப் பார்க்கப்போன நாளன்று பாடம் 'டி'யைத் தாண்டியிருக்கவில்லை. அந்த மனுசி கேட்டதோ மில்க், வொஷ், ஸ்லீப். வேலை வேறொருத்திக்குப் போயிற்று.

பின்னேரம் அக்கா எங்கள் வாசலில் வந்து நின்றார். அழவில்லை. "அந்தச் சொல்லுகளை எனக்கு ஏன் தரேல்லை?" என்று இத்தாலியனில் கேட்டார்.

நான் முந்திக்கொண்டேன். "நான் அண்டைக்கே சொன்னனான், பாய்வமெண்டு. மாமாதான் விடேல்லை!"

அக்கா மாமாவையே பார்த்துக்கொண்டு நின்றார். மாமா நிலத்தைப் பார்த்தார். பிறகு அக்கா மேலே ஏறிப்போனார்.

மறுநாள் பாட நேரத்துக்கு மாமா சவரம் செய்து, மடிப்புக் கலையாத சட்டையோடு அகராதிக்கு முன்னால் இருந்தார். படியில் காலடி கேட்கும்போதெல்லாம் எழும்பினார், இருந்தார், மறுபடி எழும்பினார். போன வேலைக்கு இனி எதற்கு இங்கிலீஷ் என்று எனக்குப் பட்டது.

"அவ இனி வரமாட்டா மாமா. கதவைச் சாத்தட்டே?"

"திறந்தபடி கிடக்கட்டும்."