கரும்பலகையின் இடப்பக்கம்

சவரிமுத்து சார் போய்விட்டார் என்ற செய்தி எனக்கு இரண்டாவது பீரியடில் வந்தது. பன்னிரண்டாம் வகுப்புக்குப் பணவீக்கம் நடத்திக்கொண்டிருந்தேன். அலுவலக உதவியாளர் கதவருகே வந்து, "டீச்சர், ஹிஸ்டரி சார் காலையில தவறிட்டாருங்க. ஹார்ட் அட்டாக்காம்" என்றார். நான் பாடத்தை நிறுத்தவில்லை. எப்படித் தொடர்ந்தேன் என்று கேட்காதீர்கள். மணி அடித்த பிறகு ஆய்வகப் படிக்கட்டில் தனியாக உட்கார்ந்து அழுதேன். ஹார்ட் அட்டாக் என்று யாராவது விடைத்தாளில் எழுதியிருந்தால் சார் இரண்டு மார்க்குக்கு மேல் போடமாட்டார் என்று அழும்போதே நினைத்துக்கொண்டேன்.

ஏன் இரண்டு மார்க் என்பது அவரிடம் படித்தவர்களுக்குத் தெரியும். நெய்வேலி டவுன்ஷிப்பில் எங்கள் பள்ளியில் அவர் வரலாறு, நான் பொருளியல். மேல்பட்டாம்பாக்கத்திலிருந்து பஸ்ஸில் வருவார். வகுப்பில் நுழைந்ததும் கரும்பலகையில் மேலிருந்து கீழாக ஒரு கோடு போடுவார். வலப்பக்கம் ஒரு முழம்தான் இருக்கும். அது உடனடிக் காரணத்துக்கு. மிச்சப் பலகை முழுவதும் இடப்பக்கம், நெடுங்காலக் காரணங்களுக்கு. "தீக்குச்சிய யாரு கிழிச்சாங்கன்னு எழுதினா ரெண்டு மார்க்கு. கூரை ஏன் அவ்ளோ காஞ்சி கெடந்துச்சின்னு எழுதினாதான் மிச்சம்" என்பார். இளவரசரைச் சுட்டதால்தான் உலகப் போர் வந்தது என்று எழுதிய பிள்ளைகள் எல்லோரும் இரண்டோடு திரும்பினார்கள்.

நான் அவரைக் கிண்டல் செய்யாமல் விடமாட்டேன். "கொழம்பு ஏன் தீஞ்சிதுன்னு வீட்ல கேட்டா வெள்ளைக்காரன் காலத்துலேர்ந்து ஆரம்பிப்பீங்க போல" என்று ஒருநாள் சொன்னேன். "அதுக்கும் முன்னாடிலேர்ந்து ஆரம்பிக்கணும் டீச்சர்" என்று சொல்லிவிட்டு டிபன் பாக்ஸைத் திறந்தார்.

சமயமாற்றத்தின் காரணங்கள் நடத்திய அன்று நான் பக்கத்து வகுப்பில் இருந்தேன். நடுவில் பலகைத் தடுப்புதான், எல்லாம் கேட்கும். ஒரு பையன் எழுந்து, "சார், உங்க தாத்தா எதுக்கு வேதத்துக்கு மாறி கிறிஸ்தவரானாரு?" என்றான். தெரிந்துகொள்ளக் கேட்டானா, குத்திக் கேட்டானா என்று எனக்கு இன்றும் தெரியாது. சார் ஒவ்வொன்றாகச் சொல்லியபடியே எழுதினார். பஞ்சத்தில் கிடைத்த கஞ்சி. சேர்த்துக்கொண்ட பள்ளிக்கூடம். இறங்க விடாத ஊர்க்கிணறு. பிறகு, "இன்னொன்னும் எழுதிக்குங்க. அவரு நெஜமாவே நம்பியும் இருக்கலாம். கஞ்சிக்குப் போனாருன்னு எழுதறவங்க எல்லாரும் இத வுட்டுடறாங்க" என்றார். "வலப்பக்கம் என்ன சார்?" என்றான் பையன். "தெரியலப்பா. அவரு எங்கிட்ட சொல்லிட்டுப் போவல."

இனி எழுதப்போவதை அவர் இருக்கும்போதே சொல்லியிருக்க வேண்டும்.

சில ஆண்டுகளுக்கு முன் நிர்வாகம் எங்கள் இருவரையும் அழைத்தது. வரலாற்றுப் பிரிவும் வணிகவியல் பிரிவும் சேர்ந்து இனி நடக்காது, எதில் சேர்க்கை குறைகிறதோ அதை மூடுவோம் என்றார்கள். வணிகவியல் போனால் என் பொருளியலும் போகும். என் கணவர் சுரங்கத்தில் கான்ட்ராக்ட் தொழிலாளி. பர்மனென்ட் ஆகிவிடும் என்று கல்யாணமான நாளிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தார். என் சம்பளத்தில்தான் வீடு நடந்தது. அந்த ஆண்டு சேர்க்கை மேசையில் உட்கார்ந்தவள் நான்.

கம்மாபுரம் பக்கமிருந்து ஒரு தகப்பனார் மகளோடு வந்தார். "எங்க நெலம் மைன்ஸுக்குப் போயிடுச்சிங்க. ஏன் போச்சி, எப்பிடிப் போச்சின்னு கேட்டுக்கினே இருக்குது இந்தப் பொண்ணு. சரித்திரந்தான் படிக்கணும்ங்குது" என்றார்.

"அதப் படிச்சிட்டு என்ன வேலைக்குங்க போவும்? அக்கவுண்ட்ஸ் எடுக்கச் சொல்லுங்க" என்றேன். அந்த வாரம் எல்லோரிடமும் இதையே சொன்னேன். மற்றவர்கள் கேட்டுக்கொண்டார்கள். செல்வி என்ற அந்தப் பெண் மட்டும் கேட்கவில்லை. அவளோடு சேர்த்து நாலு பேர்தான் வரலாற்றில் சேர்ந்தார்கள். அவர்கள் படித்து முடித்ததும் பிரிவை மூடிவிடுவது என்று முடிவானது.

அந்த நால்வருக்கும் கடைசித் திருப்புதல் தேர்வில் சார் ஒரு கேள்வி வைத்தார்: நம் பள்ளியில் வரலாற்றுப் பிரிவு மூடப்படுவதற்கான காரணங்களை ஆராய்க. ஒருவர் திருத்திய தாளில் இன்னொருவர் மதிப்பெண் கூட்டலைச் சரிபார்ப்பது எங்கள் வழக்கம். அவர் தாள்கள் எப்போதும் என்னிடம் வரும். அன்றும் வந்தன. செல்வி கோடு போட்டு, இடப்பக்கத்தில் முதல் வரியாக எழுதியிருந்தாள்: பொருளியல் ஆசிரியை சேர வந்தவர்களைத் திருப்பி அனுப்பினார். பக்கத்தில் சாரின் சிவப்பு மை: "ஆள் பெயர் காரணம் ஆகாது. அவர் ஏன் பயந்தார்? அதை எழுதுக." மதிப்பெண் இல்லை.

கூட்டினேன், கையெழுத்துப் போட்டேன், கொண்டுபோய்க் கொடுத்தேன்.

"கூட்டல் சரியா டீச்சர்?"

"சரி சார்."

"அப்ப சரி" என்று தாளை வாங்கிக்கொண்டார். மறுநாளும் என் பக்கத்தில் உட்கார்ந்துதான் சாப்பிட்டார். பிறகு அவரை ஆறாம் வகுப்புக்கு அனுப்பினார்கள். அங்கேயும் கோடு போட்டார். பிள்ளைகள் அதை மார்ஜின் என்று நினைத்தார்கள். ஓராண்டுகூட ஆகவில்லை, போய்விட்டார். நான் மன்னிப்புக் கேட்கவில்லை. இன்று கேட்கலாம், நாளை கேட்கலாம் என்று இருந்துவிட்டேன்.

சாரின் அடக்கத்தன்று மேல்பட்டாம்பாக்கம் கல்லறைத் தோட்டத்தில் செல்வியைப் பார்த்தேன். பண்ருட்டியில் ஜவுளிக்கடையில் நிற்கிறாளாம். "காலேஜ்ல ஹிஸ்டரிக்கு சீட்டு கெடச்சிதுங்க டீச்சர். அப்பாதான் வேணாம்னுட்டாரு. நீங்க அன்னிக்கி சொன்னதுதான் சரின்னு சொல்லிட்டாருங்க" என்றாள். அவள் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

என் கணவர் இன்னும் கான்ட்ராக்ட்டில்தான் இருக்கிறார். வணிகவியலிலும் பிள்ளைகள் குறைந்துவிட்டார்கள், வரும் ஜூனில் அதையும் மூடலாமா என்று பார்க்கப்போகிறார்களாம். சாரிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது "அவர் ஏன் பயந்தார்?" என்று சிவப்பு மையில் எழுதிய அந்த ஒரு கேள்விதான். அடக்கம் முடிந்து வந்த அன்றே ஒரு தாளில் கோடு போட்டு உட்கார்ந்தேன். கணவரின் வேலை, என் சம்பளம், நிர்வாகம் எங்கள் இருவரையும் மோதவிட்டது என்று இடப்பக்கம் நிறைய எழுதினேன். காரணம் ஆகாது என்று சார் சொன்ன என் பெயரையும் கடைசியில் எழுதினேன். விடை முடிந்துவிட்டது. திருத்துவதற்குத்தான் ஆள் இல்லை.